மண்ணின் பின்மூடி

தையல் மிஷினுக்கு அடியில் இருந்த கூடையில் உருளைக்கிழங்குகள் முளைவிட்டுக் கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போடச் சொன்னாள் மனைவி. கடிகாரக்காரர் தூக்கினார், போடவில்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளையாவது இருக்கும்படி நறுக்கி, வெட்டுப்பட்ட இடம் காயும்வரை ஜன்னலோரம் பரப்பிவைத்து, பிறகு கொல்லைப்புற மண்ணில் வரிசையாகப் புதைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போலக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் செய்யும் எந்தக் காரியமும் அப்படித்தான். சத்தமே வராது.

ஆனால் அந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. முன்னறையில் மனைவியின் தையல் மிஷின் காலையில் ஆரம்பித்தால் இருட்டும்வரை கடகடத்துக்கொண்டிருக்கும். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள், பாதிக் கதையைத் தெருவிலேயே ஆரம்பித்து மீதியோடுதான் வாசலில் நுழைவாள். அவளுக்கு மாமன் வைத்த பெயர் ரேடியோ. மாமன் என்றால் மனைவியின் தம்பி, கட்டட மேஸ்திரி. மாடியில் தனியாக இருந்தார், சாப்பாடு மட்டும் கீழே. அவர் படியிறங்கும் முன்பே அவருடைய போன் சத்தம் இறங்கி வந்துவிடும். யார் வீட்டிலோ கூரை ஒழுகும், யார் வீட்டிலோ கதவு சாத்தாது. எல்லாருக்கும் சேர்த்து அவர் கத்திக்கொண்டிருப்பார்.

கடிகாரக்காரரின் கடை ஓர் அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கும் சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பகல் முழுவதும் வாதாடிக்கொண்டிருக்கும். ஆக, இந்த உலகத்தில் அவருக்கென்று வாயில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே, பாய் விரித்தாற்போலக் கிடந்த அந்த மண். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து கல்லில் உட்காருவார். மண்ணைப் பார்ப்பார். மண்ணும் அவரைப் பார்க்கும். இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருக்கும்.

அந்த ஆறுதலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மேஸ்திரி எங்கோ ஒரு வேலையில் மிஞ்சிய டைல்ஸைக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்தார்.

"அக்கா, பின்னாடி மண்ணைச் சமப்படுத்தி டைல்ஸ் ஒட்டி, மேல ஒரு கூரையையும் இறக்கிட்டேன்னு வை, உன் ரெண்டாவது மிஷினுக்கு இடம் ரெடி. இப்பப் பாரு, தைக்க வந்த துணியெல்லாம் கட்டில் மேல. அத்தான் துணிக்கு மேல படுக்கறாரா, கீழ படுக்கறாரான்னே தெரியல."

மனைவிக்கு அது நெடுநாள் ஆசை. கை நிறைய வேலை இருந்தும் இடமில்லாமல் பாதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அது கடிகாரக்காரருக்கும் தெரியும். தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"அங்க செடி இருக்கு."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் வாயைத் திறப்பது மெல்லுவதற்கு மட்டும்தான்.

"என்ன செடி?" என்றாள் மனைவி.

"உருளைக்கிழங்கு."

"நான் போடச் சொன்னதா?"

"போட்டுட்டேன். மண்ணுல."

மேஸ்திரிக்குப் புரையேறியது. மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, துணியை வெட்டுமுன் அளவு பார்ப்பவள் போலக் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, கேட்டுக்குங்க. அதைத் தோண்டற அன்னைக்கு நாம நாலு பேரும் வேற எதுவும் தொடாம, அதை மட்டும் வயிறு முட்டச் சாப்பிடணும். அவ்வளவு வந்துச்சுன்னா மண்ணு உங்களுக்கு, நான் வாயே திறக்கமாட்டேன். வரலைன்னா தம்பி டைல்ஸ் ஒட்டுவான். அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன்."

"அத்தான், நாலு பேர்ல நானும் ஒருத்தன்," என்று மேஸ்திரி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கிடங்கை நிரப்பிட்டு அப்புறம் பேசுங்க."

செடிகள் நன்றாகத்தான் வந்தன. லீவு நாளில் மேஸ்திரி அளவு நாடாவோடு வந்து மண்ணின் நீள அகலத்தை அளந்து, உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். செடிகளின் காதில் விழட்டும் என்பதற்காகத்தான் அந்த உரத்த குரல் என்று கடிகாரக்காரருக்குத் தோன்றும்.

ஒருநாள் இலைகள் ஓரம் சுருண்டிருந்தன. தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கின. கடிகாரக்காரர் கடையிலிருந்து ஐகிளாஸைக் கொண்டுவந்தார். சக்கரப் பற்களைப் பெரிதாக்கிப் பார்க்க ஒற்றைக் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடி அது. இலையைத் திருப்பினால் அடியில் ஒரு ஊரே குடியேறியிருந்தது. பச்சைப் பேன்கள், கும்பல் கும்பலாக, அசையாமல் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒன்று மட்டும் தெனாவட்டாக நடந்துகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, ஆரஞ்சு நிறப் புள்ளி, முதுகெல்லாம் முள். முதலையைச் சுருக்கி இலையில் விட்டதுபோல இருந்தது.

கடிகாரக்காரருக்குச் சந்தேகமே வரவில்லை. நின்றுபோன கடிகாரத்தைத் திறந்தால், அங்கே இருக்கக்கூடாத ஒன்று கண்ணில் படும். அதை எடுத்துவிட்டால் மீதி தானாக ஓடும். அவருடைய தொழில் கற்றுக்கொடுத்தது அதுதான். பேன்கள் பாவம், ஆடுகளைப் போலக் கிடக்கின்றன; ரவுடி இதுதான். மெல்லிய இடுக்கியால் அந்த முள் முதுகுக்காரர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, திருகாணி போட்டுவைக்கும் சின்ன டப்பாவில் அடைத்தார். கொல்ல மனம் வரவில்லை. கடைக்குப் போகும் வழியில், தெருமுனைச் சாக்கடையோரப் புதரில் டப்பாவைத் தட்டிவிட்டுப் போனார். மறுநாளும் அதே வேலை. அதற்கு மறுநாளும்.

அவர் எவ்வளவு பிடித்தாரோ அவ்வளவுக்குப் பேன் பெருகியது. இலைகள் பிசுபிசுத்து மஞ்சளாயின. கடிகாரக்காரர் கல்லில் உட்கார்ந்து முன்னைவிட அதிகமாகப் பேசாமல் இருந்தார்.

ஊக்கு தேடிய மகள் ஒரு காலையில் அந்த டப்பாவைத் திறந்து போட்ட அலறலில் தையல் மிஷினே நின்றது. அலறி முடித்ததும் போனை எடுத்துப் படம் பிடித்தாள், எதையோ தேடினாள், படித்தாள், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா! இது யாருன்னு தெரியுமா? சிவப்பா, முதுகுல கறுப்புப் புள்ளி வெச்சுக்கிட்டு அழகா வருமே பொறிவண்டு, அதோட குட்டி! பேனைப் பிடிச்சுத் திங்கறதே இதுதானாம். நீங்க போலீஸை எல்லாம் நாடு கடத்திட்டுத் திருடனுக்குப் பாய் விரிச்சுக் குடுத்திருக்கீங்க!"

மேஸ்திரி படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு விக்கலாக மாறிய பிறகும் நிறுத்தவில்லை. கடிகாரக்காரர் டப்பாவில் மிச்சமிருந்தவற்றைச் செடியில் விட்டார். அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே பூட்டி வந்து, ஐகிளாஸையும் இடுக்கியையும் காலி டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க அத்தான்?"

"கூட்டிட்டு வர."

மேஸ்திரி இதைத் தவறவிடுவாரா? பின்னாலேயே போனார்.

கடிகாரக்காரர் சாக்கடையோரம் குத்துக்காலிட்டு, ஒற்றைக் கண்ணில் ஐகிளாஸோடு புதரை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தார். எதிர்க்கடை முடிதிருத்துபவர் கத்தரிக்கோலோடு வெளியே வந்தார்.

"என்னண்ணே, திருகாணி எதுவும் விழுந்துடுச்சா?"

ஆமாம் என்று தலையசைத்தார் கடிகாரக்காரர். விளக்கிச் சொல்வதைவிடத் தலையசைப்பது சுலபம். அந்த ஒரு தலையசைப்புதான் வினையாகப் போயிற்று. முடிதிருத்துபவர் பாவம், நல்ல மனுஷன், தானும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். பாதி முடி வெட்டிய நிலையில் அவருடைய வாடிக்கையாளரும் போர்த்திய துணியோடு வந்து குனிந்தார். பை தூக்கிக்கொண்டு போன ஒரு பெண்மணி என்னவென்று கேட்டாள். "வாட்ச் சாமான்" என்றார்கள். அவள் அடுத்தவளிடம் சொல்லும்போது அது தங்க வாட்ச் ஆகியிருந்தது. தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் வைரமும் பதித்தாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதித் தெரு சாக்கடையோரம் குந்தியிருந்தது.

"யாரும் மிதிக்காதீங்க! ஒரு ஓரத்துலேருந்து வரிசையா வாங்க!" என்று மேஸ்திரி வேலைத்தளத்தில் நிற்பதுபோல ஆட்களை ஏவினார். பையில் போன் அலறியது. எடுத்தும் பார்க்காமல் அணைத்துவிட்டு அவரும் குந்தினார்.

"அய்யய்யோ!" என்று துள்ளினார் முடிதிருத்துபவர். "ஏதோ முள்ளுப் பூச்சி கையில ஏறுதே!"

"அதான்! அதேதான்!" கடிகாரக்காரர் தன் வாழ்நாளில் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. "நசுக்கிடாதீங்க!"

தெரு அமைதியாயிற்று. எல்லா முகங்களும் அவரையும், அந்தப் பூச்சியையும், அவர் பக்குவமாக நீட்டிய டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தன. மௌனம் என்றால் உயிரை விடும் மனிதருக்கு, அந்த ஒரு மௌனம் மட்டும் பிடிக்கவே இல்லை.

முதலில் சிரித்தது பாதி முடிக்காரர்தான். பிறகு தெருவே சிரித்தது. மேஸ்திரி தன் அத்தானின் போலீஸ் கதையைக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லி முடிப்பதற்குள், சிரித்தவர்களே ஆளுக்கொன்றாகப் பிடித்துப் போட்டு டப்பாவை நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போலீஸ் திரும்பியதும் ஊர் அடங்கியது. பேன் குறைந்தது, எறும்பு வழி மாறியது, புது இலைகள் விறைப்பாக நின்றன. இன்னொன்றும் நடந்தது. சாயங்காலங்களில் கல்லின் மறுமுனையில் மேஸ்திரி வந்து உட்கார ஆரம்பித்தார். முதலில் பேசிக்கொண்டே இருந்தார். நாளாக ஆக வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. போனை மாடியிலேயே விட்டுவிட்டு வந்தார். அளவு நாடா இப்போது மண்ணை விட்டுவிட்டுச் செடியின் உயரத்தை அளந்தது. உள்ளேயிருந்து மனைவி மகளிடம் கேட்பது காதில் விழுந்தது.

"என்னடி, ரெண்டு பேருக்கும் சண்டையா? சத்தத்தையே காணோம்."

வெள்ளையாகப் பூ வந்தபோதுதான் கடிகாரக்காரருக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. இலை தெரிகிறது, பூ தெரிகிறது, கிழங்கு தெரியவில்லை. உள்ளே என்ன நடக்கிறது? பின்மூடியைத் திறந்து பார்க்காத எதையும் அவர் நம்பிப் பழகியதில்லை. ஒரு செடியின் அடியில் ஓரமாக மண்ணை விலக்கினார். கோலிக்குண்டு அளவில் ஒன்று வெளிறிப்போய் எட்டிப் பார்த்தது. மூடிவிட்டார். மறுநாள் மறுபடியும் திறந்தார். கடையில், பழுது பார்த்த கடிகாரத்தை உடனே மூடமாட்டார். திறந்தபடியே ஓடவிட்டு, தூசு விழாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்வார். அப்படி ஒரு கிண்ணம் கொல்லைக்கு வந்தது. விலக்கிய மண்ணின் மேல் கவிழ்ந்தது.

"அட!" என்றார் மேஸ்திரி. "அத்தான், நீங்க வெச்சிருக்கறது ஜன்னல். ஆனா நிலை வைக்காம ஜன்னல் வெச்சா மண்ணு சரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?"

டைல்ஸை உடைத்து, பள்ளத்தைச் சுற்றிக் கச்சிதமாக நட்டு, மேலே கண்ணாடியைப் பொருத்தினார். பார்க்க அழகாக இருந்தது. ஒரு செடிக்கு மட்டும் வைத்தால் மற்றவை என்ன நினைக்கும்? வீட்டிலிருந்த கண்ணாடி டம்ளர்கள் வந்தன, ஊறுகாய் போட்டுவைத்த கண்ணாடி ஜாடி வந்தது, மூடியில்லாத பழைய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று வந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு ஜன்னல். இருவரும் வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார்கள். கிழங்குகள் பருத்தன. ஜன்னலோரக் கிழங்குகளில் ஒரு பச்சை படர்ந்தது.

"பச்சை பிடிக்குது பாருங்க, என்ன செழிப்பு!" என்று கிசுகிசுத்தார் மேஸ்திரி. கடிகாரக்காரர் பெருமையோடு தலையசைத்தார்.

"டம்ளரெல்லாம் எங்க போச்சு?" என்று மனைவி மட்டும் அவ்வப்போது கேட்டாள். கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற வாக்கில் உறுதியாக இருந்தாள். துவைக்கிற வேலையைக்கூட மகளிடம் தள்ளிவிட்டிருந்தாள். மகள் கேட்டதற்கு மாமன், "அது தொழில் ரகசியம், ரேடியோவுக்குச் சொல்லமாட்டோம்" என்றுவிட்டார்.

செடிகள் காய்ந்து சாய்ந்த பிறகு, ஒரு லீவு நாள் காலையில் தோண்டினார்கள். மனைவியும் வந்து நின்றாள். முதலில் அவள் பார்த்தது டம்ளர்களை. பிறகு கிழங்குகளை. சிரிப்பு போய்விட்டது.

"என்னங்க இது, இப்படிப் பச்சையா இருக்கு?"

"நல்லா விளைஞ்சிருக்குக்கா," என்றார் மேஸ்திரி.

"விளைஞ்சிருக்கா? வெயில் பட்டிருக்குடா! கடையில இந்த மாதிரி ஒண்ணு கலந்து வந்தாலே நான் ஒதுக்கிடுவேன். கசக்கும். வயித்தைக் கெடுத்துடும். யாருடா கிழங்குக்கு வெளிச்சம் காட்டினது?"

இரண்டு பெரிய மனிதர்களும் மண்ணைப் பார்த்தார்கள்.

பிரித்துப் போட்டார்கள். பச்சைக் குவியல் பெரியது. நல்ல குவியல் ஒரு சட்டிக்குக் காணும், அவ்வளவுதான். அதிலும் சிலவற்றில் ஏதோ புழு நுழைந்து ஓட்டை போட்டிருந்தது. "இதுல ஏற்கெனவே குடித்தனம் இருக்கு," என்று மேஸ்திரி அவற்றை ஓரம் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

கடிகாரக்காரர் கல்லில் உட்கார்ந்தார். பேன், எறும்பு, புழு என்று எல்லாவற்றையும் ஐகிளாஸ் வைத்துத் தேடியாயிற்று. ஐகிளாஸுக்குப் பின்னால் இருந்ததைத்தான் பார்க்கத் தவறிவிட்டார். இருட்டில் நடக்க வேண்டிய ஒரு வேலையை நடக்கவிடவில்லை. பேசாமல் இருக்கத் தெரிந்த மனிதருக்கு, பார்க்காமல் இருக்கத் தெரியவில்லை.

"டைல்ஸ் ஒட்டிடு மாப்ளே," என்றார்.

"இன்னும் அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள என்ன தீர்ப்பு?" என்று மனைவி நல்ல குவியலை மடியில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கி, மிளகு தூவி இறக்கினாள். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே மகள் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா... இது வேற லெவல்." அதற்குமேல் ரேடியோ பேசவில்லை. சட்டி வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இரண்டு துண்டு தின்றுவிட்டு எழுந்து கையைக் கழுவினார்.

"எனக்குப் போதும்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"வயிறு முட்டிடுச்சுக்கா."

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு உறுமியது. மிஷினும் போனும் ரேடியோவும் ஓய்ந்திருந்த அந்த அறையில் அது எல்லார் காதிலும் தெளிவாக விழுந்தது.

"அது யாரு பேசறது?"

"அது... மாடியில போன் அடிக்குது."

மகள் தண்ணீர்ச் சொம்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டைல்ஸ் ஒட்டணும்னு குதிச்சதே நீதான். இப்ப எதுக்குடா பட்டினி கிடக்கற?"

மேஸ்திரி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கல்லுல உட்கார்ந்தா என்னை யாரும் கூப்பிடறதில்லைக்கா," என்றார்.

கடிகாரக்காரர் தலை நிமிர்ந்து மைத்துனரைப் பார்த்தார். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்த ஒருவரை, ஐகிளாஸ் இல்லாமல், இப்போதுதான் பார்ப்பது போலிருந்தது.

மனைவி சட்டியை வழித்து மீதியைத் தம்பி தட்டில் போட்டாள். "உட்காரு. பொய் சொல்லி ஜெயிக்க வேணாம்." அவர் உட்கார்ந்தார். தின்று முடித்தும் கிடங்கு நிரம்பவில்லை. கடைசியில் எல்லாரும் ரொட்டிக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று.

"ரெண்டு பேரும் தோத்துட்டீங்க," என்றாள் மனைவி, ரொட்டியைப் பிய்த்தபடி. "பேசின பேச்சுதான். டைல்ஸ் ஒட்டியாகணும். எவ்வளவு மிச்சம் இருக்கு?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். "பாதி ஜன்னலுக்குப் போயிடுச்சு."

"அப்ப இருக்கறதை வெச்சுப் பாதி இடத்துக்கு ஒட்டு. அதுல என் மிஷின். மீதிப் பாதி, உங்க கல்லோட சேர்த்து, உங்களுக்கு."

கடிகாரக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பாதி மண் கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அதன் தலைமாட்டில் கடகடவென்று ஒரு மிஷின். அவர் சொல்லாததை அவள் கேட்டுவிட்டாள். அத்தனை வருஷம் கேட்டுப் பழகிய காது.

"நீங்க கடையிலேருந்து வர்ற நேரத்துக்கு நிறுத்திடறேன். எனக்கு மட்டும் முதுகு வலிக்காதா? நானும் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்றேன்."

"அப்ப அந்தப் பச்சையெல்லாம் தூக்கிப் போட்டுடவா?" என்று மகள் கேட்டாள்.

"தூக்கு," என்றாள் மனைவி. "போடாதே. திங்கத்தான் ஆகாது. முளைச்சா விதைக்கு ஆகும்."

பச்சைக் கிழங்குகள் ஜன்னலோரம் குட்டை குட்டையாக, கனத்த முளை விட்டன. அவற்றைப் பாதி மண்ணில் புதைத்தார்கள். கூரையின் கீழ் இரண்டாவது மிஷின் வந்தது. சாயங்காலம் அது நிற்கும்போது, நின்றதே தனியாகக் காதில் கேட்கும். கல்லில் இப்போது மூன்று பேருக்கு இடம் இழுபறியாக இருந்தது. ரேடியோ மட்டும் வாசற்படியில். கண்ணாடி டம்ளர்களை மனைவி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கத்தரிக்கோலோடு கட்டி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

செடிகள் பூத்த ஒரு சாயங்காலம் மேஸ்திரி நெளிந்தார். கை தானாக மண் பக்கம் போயிற்று.

"அத்தான், ஒரே ஒரு ஓரமா... உள்ள என்ன நடக்குதுன்னு..."

கடிகாரக்காரர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கல்லின் மேல் வைத்தார். தண்டைச் சுற்றி இன்னும் கொஞ்சம் மண்ணை அணைத்துத் தட்டிவிட்டார்.

"ஓடிக்கிட்டிருக்கு," என்றார்.